மர உருளையில் சல்லடை வேலைப்பாடு: உடைந்தால், கருகினால், கோணினால் எங்கே பார்ப்பது

விளக்குக் கூண்டுக்காகவோ பேனா ஸ்டாண்டுக்காகவோ ஒரு மர உருளையைக் கடைந்து, உள்ளே குடைந்து, சுவரை இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மெலித்து, அதில் பூவும் கொடியும் கட்டமுமாக ஊடே வெட்டி எடுக்கிற வேலையைப் பற்றித்தான் இது. பெங்களூரில் இதைச் செய்கிற தமிழ் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பெரும்பாலும் ஐ.டி. வேலை, மொட்டை மாடியிலோ பால்கனியிலோ சின்னதாக ஒரு கடைசல் மெஷின், பேனா மாதிரி பிடித்து வெட்டுகிற ஒரு மைக்ரோமோட்டார், சனி ஞாயிறு. உடைந்த துண்டைப் போட்டோ எடுத்து அனுப்பி, எந்த பிட் வாங்கலாம் என்றுதான் முதலில் கேட்பார்கள். பிட் பெரும்பாலும் காரணமே இல்லை. உடைவது வெட்டும்போதுதான், ஆனால் உடையப் போகிறது என்று முடிவானது அதற்கு ரெண்டு கட்டம் முன்னால்: மரத்தை எப்படி எடுத்தோம், எவ்வளவு காயவிட்டோம், கோட்டை எந்தத் திசையில் போட்டோம் என்பதில். அதனால் அறிகுறியில் ஆரம்பித்துப் பின்னோக்கிப் போகிற மாதிரி எழுதுகிறேன்.

கணக்குக்கு ஒரு அளவு வேண்டும் என்பதால், வெளி விட்டம் 90 மி.மீ., சுவர் 3 மி.மீ., மர ரேகை, அதாவது நார், உருளையின் நீளவாக்கில் மேலிருந்து கீழாக ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பலகையிலிருந்து கிண்ணம் கடைகிற மாதிரி ரேகை குறுக்கே ஓடினால் சுவரின் ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொள்ளும். அந்த உருளையைச் சல்லடை வேலைக்கு எடுக்காதீர்கள்.

பாலம் படக்கென்று உடைகிறது

ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவில் மிச்சம் நிற்கிற மரத்தைத்தான் பாலம் என்கிறேன். வருகிற புகார்களில் பாதிக்கு மேல் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

உடைந்த முகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சிலும்பலாக, நார் நாராகப் பிய்ந்திருந்தால் பிட் எங்கேயோ மாட்டி இழுத்திருக்கிறது, அல்லது கையால் அழுத்தியிருக்கிறீர்கள். அதற்கான பதில் கீழே வேறு இடத்தில் வரும். முகம் வழவழவென்று, உருளையின் நீளவாக்கிலேயே ஒரே கோட்டில் பிளந்திருந்தால் கை மேலே எந்தத் தப்பும் இல்லை. அது ரேகை வழியே விட்டுப்போனது.

மரத்தின் நார் மேலிருந்து கீழாக ஓடுகிறது. உருளையைச் சுற்றிப் படுத்தவாக்கில் ஒரு பாலம் விட்டால், அதற்குள் இருக்கிற ஒவ்வொரு நாரும் அந்தப் பாலத்தின் அகலம்தான் நீளம். நாலு மில்லிமீட்டர் நார்த் துண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன, அவ்வளவுதான். விறகை நிறுத்திவைத்துக் கோடரி போட்டால் எவ்வளவு சுலபமாகப் பிளக்கும், அதே திசையில்தான் இந்தப் பாலமும் பிளக்கிறது. நாரின் திசையில் இழுத்தால் மரம் தாங்குகிற பலத்தில் குறுக்கே இழுக்கும்போது பத்தில் ஒரு பங்குகூடக் கிடைக்காது.

சரி, அப்படியானால் சாய்வாகப் போட்டால்? எல்லோரும் 45 டிகிரியில் டைமண்ட் கட்டம் போடுகிறார்கள், பாதி பலமாவது வரும் என்ற நம்பிக்கையில். வராது. சாய்வுக்கும் பலத்துக்கும் உள்ள உறவு நேர்க்கோடு கிடையாது. நாரிலிருந்து 15 டிகிரி விலகும்போதே பலத்தில் பாதி போயிருக்கும், 45-இல் கிட்டத்தட்டப் படுத்த பாலத்தின் நிலைமைதான். அதனால் கட்டத்தை உயரவாக்கில் இழுக்க வேண்டும். அகலம் 12 மி.மீ. என்றால் உயரம் 24-க்குக் குறையாமல், முடிந்தால் 30. தேன்கூட்டு வடிவம் என்றால் முனை மேலேயும் கீழேயும் வருகிற மாதிரி நிறுத்துங்கள். தட்டைப் பக்கம் மேலே வந்தால் ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு படுத்த பாலம் இலவசமாகக் கிடைக்கும். முனையை மேலே நிறுத்தினாலும் சாய்வுப் பாலங்கள் ரேகையிலிருந்து 60 டிகிரி விலகியே நிற்கும், ஆகவே அதையும் இழுத்து நெட்டையாக்குங்கள்.

அகலத்துக்கு நான் வைத்திருக்கும் கணக்கு இது, 3 மி.மீ. சுவருக்கு: நிமிர்ந்த பாலம் இரண்டரையிலிருந்து மூன்று, சாய்ந்தது நாலு, படுத்தது ஆறு. மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் 8 முதல் 10 மி.மீ. வரை எதையும் தொடாமல் விடுங்கள். கொடி, இலை மாதிரி வளைவு வேலையில் கண் ஏமாறும்: கொடி ஓட்டம் நெடுகிலும் ஒரே அகலமாக வரைந்திருப்பீர்கள், ஆனால் அது வளைந்து படுக்கிற இடத்தில் மட்டும் உடையும். அங்கே ஒரு இலையையோ மொட்டையோ ஒட்டவைத்து அகலம் கூட்டுங்கள். அழகுக்குப் போட்ட மாதிரியே இருக்கும்.

காஷ்மீர் பிஞ்ஜராகாரி வேலையைப் பார்த்தால் இந்தப் பிரச்சினையை எப்படிச் சுற்றிப்போகலாம் என்று தெரியும். அவர்கள் பலகையில் ஓட்டை வெட்டுவதே இல்லை. சின்னச் சின்னச் சட்டங்களைத் தனித்தனியாகச் செதுக்கி, பசையோ ஆணியோ இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்று கோர்க்கிறார்கள். ஒவ்வொரு சட்டத்திலும் நார் அதன் நீளத்திலேயே ஓடும், எந்தத் திசையில் போனாலும் பலவீனம் கிடையாது. நமக்கு உருளை ஒரே துண்டு என்பதால் அந்தச் சலுகை இல்லை.

வரைபடத்தை மாற்றவே முடியாது, படுத்த பாலம் மெல்லியதாகத்தான் வேண்டும் என்றால், வெட்டுவதற்கு முன் உள்பக்கத்தில் அந்த இடங்களில் மட்டும் தண்ணியான சூப்பர் க்ளூவை ஊறவிடுங்கள். ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள், அந்தப் புகை கண்ணைப் பிடுங்கும். ஒரு ராத்திரி விட்டு வெட்டுங்கள். வெளிப்பக்கம் வரை ஊறினால் கறை தெரியும், ஆகவே வெளியே முதலிலேயே ஒரு கோட் ஷெல்லாக் (அரக்குப் பாலிஷ்) அடித்திருக்க வேண்டும்.

வெட்டுகிற வரிசையும் முக்கியம். ஒரு பூவை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போக ஆசையாகத்தான் இருக்கும். வேண்டாம். முதலில் எல்லாக் கட்டத்திலும் பிட் நுழைய ஒரு பைலட் துளை, அப்புறம் எல்லாவற்றிலும் கோட்டுக்கு அரை மில்லிமீட்டர் உள்ளே தள்ளி முரட்டு வெட்டு, சின்ன ஓட்டைகள் முதலில், பெரியவை கடைசியில். கோட்டைத் தொட்டுச் சுத்தம் செய்வது எல்லாம் திறந்த பிறகு, அரத்தால். பெரிய ஓட்டையை முதலிலேயே திறந்துவிட்டால் பக்கத்துச் சின்னப் பாலத்துக்குப் பிடிமானம் போய்விடும்.

ஏற்கெனவே உடைந்ததா? துண்டு கையில் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. கீழே துணி விரித்து வேலை பார்ப்பது அதற்காகத்தான். உடைந்த முகத்தைத் தேய்க்காதீர்கள், இரண்டு முகமும் பொருந்துகிற அந்தச் சொரசொரப்புதான் ஒட்டலின் பலம். தேக்கு, ஈட்டி மாதிரி எண்ணெய்ப் பசையுள்ள மரமாக இருந்தால் அசிட்டோன் நனைத்த பஞ்சால் துடைத்து, உடனே ஒட்டுங்கள். வெளியே மாஸ்கிங் டேப்பால் இடத்தில் நிறுத்தி, உள்ளேயிருந்து ஒரு சொட்டு சூப்பர் க்ளூ.

உருளை முட்டையாகிறது, அல்லது நெடுக்கே விரிசல்

பெங்களூர் வருஷம் முழுக்க ஒரே மாதிரி என்று நமக்குத் தோன்றலாம், மரத்துக்கு அப்படி இல்லை. மார்ச் பிற்பகலில் காற்றின் ஈரப்பதம் 30 சதவீதத்தை ஒட்டி இறங்கும், ஜூலை ஆகஸ்ட் காலைகளில் 80-க்கு மேலே நிற்கும். 30 சதவீதக் காற்றில் விட்ட மரம் தன் எடையில் 6 சதவீத ஈரத்தில் வந்து நிற்கும், 80 சதவீதக் காற்றில் 16. பெரிய கட்டை இதை மாதக்கணக்கில்தான் உணரும். மூன்று மில்லிமீட்டர் சுவர் சில நாட்களிலேயே உணர்ந்துவிடும். மழைக்காலத்தில் கடைந்து, அப்போதே வெட்டி முடித்து, ஷோகேஸில் வைத்த உருளை மார்ச்சில் தானாக விரிசல் விடுவது இதனால்தான். யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

முட்டையாவதற்குக் காரணம், மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவு சுருங்குவதில்லை. மரத்தின் ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் சுருங்குவது, நடுவிலிருந்து பட்டை நோக்கிய திசையில் சுருங்குவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. நீளவாக்கில் கணக்கில் எடுக்கவே வேண்டாம். வெர்னியரால் உருளையின் வாயை நாலு திசையில் அளந்து பாருங்கள். வித்தியாசம் அரை மில்லிமீட்டருக்குள் என்றால் விட்டுவிடுங்கள், யார் கண்ணுக்கும் தெரியாது. ஒன்றரை, இரண்டு என்று போனால் மரம் பச்சையாக இருந்திருக்கிறது. அதை மறுபடியும் கடைசலில் ஏற்றி வட்டமாக்கப் போகாதீர்கள். இரண்டு பக்கம் சுவர் இன்னும் மெலிந்துவிடும், அங்கே எந்தப் பாலமும் நிற்காது. முட்டையாகவே இருக்கட்டும், வெட்டுங்கள். கையால் செய்த பொருள்தானே.

அடுத்த தடவைக்கு: முதலில் சுவரை விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு தடிமனில் நிறுத்துங்கள், அதாவது 90-க்கு 9 மி.மீ. இரண்டு முனைகளிலும் உருக்கிய மெழுகைத் தடவுங்கள், ஏனென்றால் நார் முடிகிற அந்த வெட்டு முகம் வழியாகத்தான் ஈரம் மற்ற முகங்களைவிடப் பல மடங்கு வேகமாக வெளியேறுகிறது, முனை முந்திக் காய்ந்து சுருங்க உள்ளே இன்னும் ஈரமாக இருக்க விரிசல் அங்கேயே பிறக்கிறது. சமையலறைத் தராசில் வாரம் ஒரு முறை நிறுத்து உருளை மேலேயே பென்சிலால் எழுதுங்கள். எடை இறங்குவது நின்ற பிறகுதான் கடைசி மெலிப்பு. மே மாத மழைக்குத் தெருவில் சாய்ந்த ரெயின் ட்ரீ (தூங்குமூஞ்சி மரம்) கட்டை சும்மா கிடைத்தது என்று தூக்கி வந்தவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். கட்டையின் நடுக்கருவை உருளைச் சுவரில் வரவிடவே கூடாது, அங்கேயிருந்து விரிசல் ஆரம்பிக்காமல் இருந்ததாகப் பார்த்ததில்லை.

மரம் எதை எடுக்கலாம் என்று தெரியாமல் தொடங்குகிறவர்களுக்கு வெட்பாலைதான் என் பதில். இங்கிருந்து 60 கி.மீ. தூரத்தில் சன்னபட்டணத்துப் பொம்மைகளைக் கடைவது அதில்தான்: வெளிறிய நிறம், நெருக்கமான நார், வளையத்துக்கு வளையம் கெட்டி மாறாது. சில்வர் ஓக் பார்க்க அழகு, ஆனால் அதன் பெரிய கதிர்ப் பட்டைகள் மெல்லிய சுவரில் சில்லு சில்லாகப் பெயரும். மல்லேஸ்வரம் 18-ஆவது கிராஸில் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, அவர்களிடம் மர மாதிரிகளின் தொகுப்பே உண்டு. மரக்கடையில் சொல்கிற பேரை அப்படியே நம்புவதற்கு முன் நல்ல மாதிரிகளைப் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்வது நல்லது.

விரிசல் வந்தே விட்டது என்றால், அதன் நுனி எங்கே நிற்கிறது என்று லென்ஸ் வைத்துத் தேடி அங்கே ஒரு மில்லிமீட்டர் துளை போடுங்கள். விரிசல் அந்தத் துளையோடு நிற்கும், கூர்மையான நுனியில் குவிந்த இழுப்பு வட்டத்தில் பரவிவிடுவதால். அப்புறம் அந்தத் துளை வரைபடத்துக்குள் வருகிற மாதிரி ஒரு பூவை அரை அங்குலம் நகர்த்திக்கொள்ளலாம்.

சுற்றி வந்த வடிவம் சேராமல் நிற்கிறது

90 விட்டம் என்றால் சுற்றளவு 282.7 மி.மீ. பன்னிரண்டு பூ என்றால் ஒன்றுக்கு 23.56. கணக்கு சரி, ஆனால் விட்டத்தை அளப்பதில் அரை மில்லிமீட்டர் பிசகினால் சுற்றளவில் ஒன்றரை மில்லிமீட்டர் போகும். அதனால் விட்டத்தை அளக்கவே வேண்டாம். ஒரு காகிதப் பட்டையை இறுக்கிச் சுற்றி, ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிற இடத்தில் ஊசியால் குத்தி, பிரித்துத் தட்டையாக வைத்து இரண்டு குத்துக்கும் நடுவே அளந்தால் அதுதான் உண்மை.

அது சரியாக இருந்தும் சேரவில்லையா, வடிவத்தைக் காகிதத்தில் அச்சிட்ட பிரிண்டரைப் பாருங்கள். பக்கத்துக்குப் பொருத்து என்கிற தேர்வு பல கணினிகளில் தானாகவே போட்டிருக்கும். 97 சதவீதத்தில் அச்சானால் எட்டரை மில்லிமீட்டர் குறையும். காகிதம் சேருகிறது, ஆனால் ஒரு பக்கம் மேலே ஏறிப் போகிறது என்றால் உருளை நேராக இல்லை, மேலே 90, கீழே 89 என்று சரிந்திருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் சரிவுக்கே சுற்றளவு மூன்று மில்லிமீட்டர் மாறும். காகிதத்தை நீளவாக்கில் நாலைந்து துண்டாக்கி ஒட்டினால் ஒவ்வொரு இடைவெளியிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு போட்டுவிடலாம். இன்னொன்று, வடிவத்திலேயே நிமிர்ந்த தண்டு ஒன்று இருக்கட்டும். மிச்சமோ குறைவோ அந்தத் தண்டின் அகலத்தில் ஒளிந்துகொள்ளும்.

காகிதத்தை நேராக மரத்தில் ஒட்டாமல், முதலில் மாஸ்கிங் டேப், அதன்மேல் காகிதம். வேலை முடிந்ததும் டேப்பைச் சர்ரென்று உரிக்கக் கூடாது, பாலங்களும் கூடவே வரும். டர்பன்டைன் தடவிப் பசை இளகியதும் படுத்தவாக்கில் மெதுவாக இழுங்கள். தண்ணீர் வேண்டாம், நார் எழும்பும்.

ஓட்டையின் ஓரம் கருகுகிறது

வேகம் அதிகம் என்று நினைத்து வேகத்தைக் குறைப்பார்கள். அப்போது பிட் திணறும், இவர்கள் அழுத்துவார்கள், இன்னும் கருகும். கருகலுக்கு உண்மையான காரணம் பிட் வெட்டாமல் உரசுவது. அது மூன்று விதத்தில் நடக்கிறது.

முதலாவது, தப்பான பிட். ஆன்லைனில் முப்பது துண்டாக வருகிற டைமண்ட் பிட் செட் கண்ணாடிக்கும் கல்லுக்கும் ஆனது. அதற்கு வெட்டும் முனையே கிடையாது, தேய்க்கத்தான் தெரியும். மரத்தூள் அதில் அப்பி, அப்பியது சூடாகிக் கருகும். உங்களுக்கு வேண்டியது ஒன்று முதல் ஒன்றரை மி.மீ. கனமுள்ள, குறுக்கு வெட்டுள்ள கார்பைடு பிட். எஸ்.பி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கினால் கிடைக்கும், பல் மருத்துவப் பொருள் விற்கிற கடைகளில் இன்னும் நன்றாகக் கிடைக்கும். தண்டின் கனம் மட்டும் பார்த்து வாங்குங்கள்: சாதாரண ரோட்டரி டூலுக்கு 3.2, மைக்ரோமோட்டாருக்கு 2.35, காற்றழுத்தத்தில் சுழலும் ஏர் டர்பைனுக்கு 1.6 மி.மீ.

இரண்டாவது, மழுங்கல். தேக்கில் சிலிக்கா இருக்கிறது. சாதாரண எஃகு பிட்டை அது சீக்கிரமே தின்றுவிடும். மூன்றாவது, பிட் சரிதான், ஆனால் பற்களுக்கு நடுவில் பிசின் அடைத்திருக்கிறது. டர்பன்டைனில் ஊறவைத்துப் பித்தளைப் பிரஷால் தேய்த்தால் புதிது மாதிரி ஆகிவிடும், தூக்கிப்போட வேண்டாம்.

வேகம் மைக்ரோமோட்டாரில் இருபதாயிரத்திலிருந்து இருபத்தைந்தாயிரம் சுற்று, ஒரே இடத்தில் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருப்பது, அழுத்தாமல் இருப்பது. ஏர் டர்பைன் மூன்று நான்கு லட்சம் சுற்றில் ஓடும், ஆனால் முறுக்கு விசை கிடையாது, கொஞ்சம் அழுத்தினாலே நின்றுவிடும். பென்சில் பிடித்து எழுதுகிற பாரம்தான் கொடுக்க முடியும். சல்லடை வேலைக்கு அதைவிடச் சுகமான கருவி இல்லை என்பது உண்மை. ஆனால் அதற்கு கம்ப்ரசர் வேண்டும், கம்ப்ரசர் சத்தத்துக்கு அபார்ட்மென்ட் அசோசியேஷனிடம் பதில் சொல்ல வேண்டும், யோசித்துக்கொள்ளுங்கள்.

இந்த வேலையில் கிளம்புகிற தூள் மாவைவிடப் பொடி. என்95 முகக்கவசமும் கண்ணாடியும் இல்லாமல் உட்காராதீர்கள். ஈட்டி மரத் தூள் பலருக்குத் தோலில் அரிப்பும் மூச்சுத் தொந்தரவும் தரும்.

பிட் துள்ளுகிறது, கோட்டை விட்டு ஓடுகிறது

வெட்டும் திசையைப் பாருங்கள். வெளியேயிருந்து பார்க்கும்போது பிட் கடிகாரச் சுற்றில் சுழல்கிறது. ஓட்டையின் உள்ளோரத்தைச் சீவும்போது நீங்களும் கடிகாரச் சுற்றிலேயே போனால் மரம் பிட்டை எதிர்த்து நிற்கும், கட்டுப்பாடு உங்கள் கையில். எதிர்த்திசையில் போனால் பிட் மரத்தைக் கவ்வி முன்னால் பாயும். முரட்டு வெட்டில் இது தெரியாது, கோட்டைத் தொடும்போதுதான் வம்பு.

திசை சரியாக இருந்தும் நடுக்கம் இருந்தால், பிட் எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். மூன்று மில்லிமீட்டர் சுவருக்கு ஆறேழு மில்லிமீட்டர் போதும். அதுவும் சரி என்றால் நடுங்குவது பிட் இல்லை, சுவர். பழைய யோகா மேட்டை உருட்டி உருளைக்குள் இறுக்கமில்லாமல் திணியுங்கள், அதிர்வை அது விழுங்கும். இரும்பு மாதிரித் திணிக்க வேண்டாம், மெலிந்த சுவரை உள்ளேயிருந்து தள்ளினால் அதுவே பிளக்கும். உருளையை மடியில் வைத்து வேலை பார்க்கிற பழக்கத்தை விட்டு, ஆங்கில ‘V’ போல் பள்ளம் வெட்டிய மரக்கட்டையில் துணி போட்டுப் படுக்கவைத்து, இரண்டு மணிக்கட்டும் கட்டை மேல் ஊன்றியிருக்க வேலை செய்யுங்கள்.

வெளியே சுத்தம், உள்ளே நார் நாராக

பிட் வெளியேறுகிற பக்கத்தில் நாருக்கு முட்டுக்கொடுக்க எதுவும் இல்லை, வெட்டுப்படாமல் மடிந்து நிற்கிறது. உள்பக்கம் முழுக்க ஒரு கோட் ஷெல்லாக் அடித்துக் காயவிட்டு வெட்டினால் நார் விறைத்து, நறுக்கென்று வெட்டுப்படும். இதைச் செய்தாலே முக்கால்வாசி போய்விடும். மிச்சத்துக்கு, வெட்டிய பிறகு மறுபடி ஒரு மெல்லிய கோட், அப்புறம் குச்சியில் சுற்றிய 320 உப்புத்தாள், நாரின் திசையிலேயே. லைட்டரைக் காட்டி நாரைப் பொசுக்குகிறவர்கள் உண்டு. பாலத்தின் ஓரம்தான் முதலில் பொசுங்கும், வேண்டாம்.

உள்ளே நார் இல்லாமல் சில்லாகவே பெயர்ந்திருந்தால் பிட் மழுங்கியிருக்கிறது, அல்லது கடைசி அரை மில்லிமீட்டரைக் குத்தித் திறந்திருக்கிறீர்கள்.

ரம்ப பிளேடு மாட்டி மாட்டி உடைகிறது

மோட்டாரே வேண்டாம், கையாலேயே என்கிறவர்கள் நகரத்பேட்டைப் பக்கம் தட்டார்கள் வாங்குகிற சின்ன ரம்பத்தை எடுத்து வருவார்கள். சட்டம் சரிதான், ஆனால் அதோடு வருகிற உலோக பிளேடின் பல் ரொம்ப நெருக்கம், மரத்தூள் அடைத்து நின்றுவிடும். மரத்துக்கு ஒரு பல் விட்டு ஒரு பல் இருக்கிற பிளேடு, சுவரின் கனத்துக்குள் எப்போதும் இரண்டு மூன்று பல்லாவது இருக்கிற நெருக்கத்தில். மூலையில் திருப்பும்போது ரம்பத்தை ஓட்டிக்கொண்டே திருப்புங்கள், நின்று திருப்பினால் படீர். சட்டத்தின் ஒரு கை உருளைக்குள் போக வேண்டும் என்பதால் உள்விட்டம் 60-க்குக் கீழே என்றால் இந்த வழியை மறந்துவிடலாம்.

பாலிஷ் வெளுக்கிறது, ஓட்டையில் சொட்டு நிற்கிறது

மழை நாளில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் அடித்தால் பால் படிந்த மாதிரி வெளுக்கும். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் படிகிறது. வெயில் வருகிற நாள் வரை காத்திருங்கள். சொட்டு நிற்பது பிரஷால் அடிப்பதால். மெல்லிய ஸ்பிரிட் பாலிஷை ஸ்ப்ரேயில் பல கோட்டாக அடித்து, ஒவ்வொரு கோட்டுக்குப் பிறகும் உள்ளேயிருந்து காற்று ஊதுங்கள்.

சன்னபட்டண பாணியில் அரக்கு வேண்டும் என்றால் ஓட்டை போடுவதற்கு முன்னாலேயே முடிக்க வேண்டும். சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தி, உரசல் சூட்டிலேயே இளக்கிப் பூசுவது அது. ஓட்டை போட்ட சுவரில் அழுத்தினால் முதல் சுற்றிலேயே எல்லாம் போச்சு. அரக்கு பூசிய பிறகு வெட்டும்போது பிட் சூடானால் அரக்கு இளகி ஓரத்தில் இழுவும். கொஞ்சம் வெட்டி, ஆறவிட்டு, மறுபடி கொஞ்சம்.

விளக்கு போட்டால் சுவரில் வடிவமே விழவில்லை

வேலை அருமையாக வந்திருக்கும், விளக்கைப் போட்டால் சுவரில் மங்கலாக ஒரு வெளிச்சம் மட்டும். வெட்டில் குறை இல்லை, பல்பில்தான். பால் நிறக் கூடு போட்ட எல்.இ.டி. பல்பு முழுக்க முழுக்க வெளிச்சம் விடுகிறது, ஒவ்வொரு ஓட்டைக்கும் நிழல் பத்துப் பக்கம் விழுந்து ஒன்றோடொன்று கலைந்துவிடுகிறது. வெளிச்சம் ஒரு புள்ளியிலிருந்து வர வேண்டும். பால் கூடு இல்லாத, ஒரே சின்ன சில்லில் எரிகிற 3 வாட் எல்.இ.டி.யை உருளையின் நடு அச்சில் நிறுத்துங்கள், நிழல் கூர்மையாகிவிடும்.

அப்படியும் மேல் வரிசையும் கீழ் வரிசையும் இருட்டாக இருந்தால், அங்கே வெளிச்சம் சாய்ந்து வந்து சுவரின் கனத்தில் மோதி நிற்கிறது. 3 மி.மீ. சுவரில் 2 மி.மீ. ஓட்டை என்பது ஒரு குழாய்தான், நேராக வருகிற வெளிச்சத்தை மட்டுமே விடும். அந்த வரிசைகளின் ஓட்டைகளை உள்பக்கத்தில் அரத்தால் சாய்த்துச் சீவி அகலப்படுத்துங்கள், வெளியே வடிவம் மாறாது. உள்பக்கத்தில் மிச்சமிருந்த கருகலும் அதோடு போய்விடும். மெழுகுவர்த்தி, இழை பல்பு இரண்டும் வேண்டாம். பல்பு சூட்டில் உள்பக்கம் மட்டும் காய்ந்து, நாம் மெழுகும் தராசும் வைத்துத் தடுத்த அதே விரிசல் ஒரு வாரத்தில் வந்து நிற்கும்.